முதல் நிமிடத்தின் சாட்சியம்: மலையகத்துப் பழைய லொறிகளின் ஸ்டார்ட் சத்தம்

கொட்டகலையில் ஒரு பழைய லொறி விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் ஆகும்போது எழுப்பும் சத்தத்தை முழுமையாகக் கேட்பவர் அநேகமாக அதன் சாரதி ஒருவர்தான். அந்தச் சத்தம் புதிதாக இருந்தாலும், நேற்றைவிடக் கூடியிருந்தாலும், அவர் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட்டோ, நடுவில் நேரம் கிடைக்கும்போதோதான் கராஜுக்குப் போகிறார். அதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும், சத்தம் அடங்கியிருக்கும். அங்குள்ள மெக்கானிக் பாஸ் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது அவர் கையில் மிஞ்சுவது சாரதியின் வர்ணனை மட்டுமே: கடகட என்றது, டக்டக் என்றது, கறகற என்று இழுத்தது. அந்த வர்ணனையிலிருந்து ஒரு ஊகம் பிறக்கிறது. ஊகத்திலிருந்து ஒரு பாகம் மாற்றப்படுகிறது. மறுநாள் விடியற்காலை அதே சத்தம் திரும்பவும் வருகிறது. மலையகத்தில் பழைய லொறி வைத்திருப்பவர்களின் பணம் கரைகிற வழிகளில் இது முக்கியமானது. ஸ்டார்ட் சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க, அது எதைப்போல ஒலித்தது என்பதைவிட, அது எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் அடங்கியது என்பதே நம்பத்தக்க சாட்சியம். அந்தச் சாட்சியத்தைத் திரட்டாமல் எஞ்சினைப் பிரிப்பது பெரும்பாலும் வீண் செலவு. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

இந்தக் கேள்வி இங்கே ஏன் இவ்வளவு கனமானது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, லொறிகளின் வயது. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. கதவு முழுமையாகத் திறந்தது 2025இன் தொடக்கத்தில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய லொறிகளும், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த லொறிகளும் பெரும்பாலும் நாட்டுக்குள் வரவில்லை. கதவு திறந்தபோதோ ரூபாயின் மதிப்பு 2022இல் கண்ட வீழ்ச்சியும் வரிகளும் சேர்ந்து விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தன. ஆகவே இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்ட்டர், டாட்டா, அசோக் லேலண்ட் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவையே தொடர்ந்து ஓடின. இவற்றில் இந்திய லொறிகளின் பரம்பரை நீளமானது. டாட்டா 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து லொறி கட்டத் தொடங்கியது. அந்த உறவு 1969இல் முடிந்தபிறகும் அந்த எஞ்சின்களின் அமைப்பு பல ஆண்டுகள் நிலைத்தது. லங்கா அசோக் லேலண்ட் 1982இல் நிறுவப்பட்டது. இந்த எஞ்சின்கள் பிரித்துக் கோக்கக்கூடியவை, உதிரிப்பாகம் கிடைக்கக்கூடியவை, அடிப்படையில் வலுவானவை. பாதுகாத்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்பதால்தான், தவறான ஊகத்தில் அவற்றைத் திறந்து குலைப்பது வருந்தத்தக்கது.

இரண்டாவது காரணம் இடம். கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை விடியற்காலை வெப்பம் 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவதுண்டு. பக்கத்து நுவரெலியாவில் அந்த மாதங்களில் புல்லில் உறைபனியே படியும். தோட்டத்து லொறி கொழுந்து மடுவங்களுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே குறுகிய ஏற்ற இறக்கங்களில் நாள் முழுவதும் நின்று நின்று ஓடுகிறது. மரக்கறி லொறி ஏ7 வீதியில் ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை வழியாக இறங்கிப் பேலியகொடைக்குப் போய்வருகிறது. இரண்டுமே இரவில் சமதரையில் நிற்பது அரிது. லயத்தின் ஓரத்திலோ கடைக்குப் பின்னாலோ சரிவில், சில்லுக்குக் கல் வைத்து நிறுத்தப்பட்டிருக்கும். குளிர், உயரம், சரிவு ஆகிய மூன்றும் ஸ்டார்ட் சத்தத்தைப் பாதிக்கின்றன. அந்த மூன்றையுமே நோயறியும் கருவியாகவும் பயன்படுத்த முடியும்.

குளிர்ந்த எஞ்சின் ஒன்று ஓடத் தொடங்கும்போது அதற்குள் பல மாற்றங்கள் ஒரே சமயத்தில் ஆரம்பமாகின்றன, ஆனால் வெவ்வேறு வேகத்தில் முடிகின்றன. ஸ்டார்ட்டர் மோட்டரின் வேலை இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துவிடும். இரவு முழுவதும் கீழே வடிந்திருந்த ஒயில் மறுபடி மேலேறி ஒவ்வொரு பேரிங்குக்கும் டெப்பட்டுக்கும் போய்ச்சேரச் சில நொடிகள் முதல் பத்துப் பதினைந்து நொடிகள் வரை பிடிக்கும். எரிப்பறையின் சுவர்கள் டீசலைத் தடுமாற்றமின்றி எரிக்கும் அளவுக்குச் சூடேற அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். பிஸ்டனும் சிலிண்டரும் விரிந்து தமக்குரிய இடைவெளிக்கு வருவதற்குப் பல நிமிடங்கள் தேவை. காற்றுப் பிரேக் உள்ள லொறியில், இரவில் கசிந்து வெறுமையான காற்றுத் தொட்டி நிரம்பவும் சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு பழுதும் இந்த மாற்றங்களில் ஏதாவது ஒன்றோடு கட்டுண்டு கிடக்கிறது, அந்த மாற்றம் முடியும்போது அதன் சத்தமும் முடிகிறது. காதுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சத்தங்கள்கூட அடங்கும் நேரத்தில் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடும். என் வாதத்தின் அடித்தளம் இதுவே. மேலே சொன்ன நேரங்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஆனால் அவற்றின் வரிசை மாறாது.

எஞ்சின் பற்றிக்கொள்வதற்கு முன்னால் வரும் சத்தத்தில் தொடங்குவோம். சாவியைத் திருப்பியதும் ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு ஒன்றும் சுழலவில்லையென்றால் பெட்டரி, அதன் முனைகள், ஸ்டார்ட்டரின் சொலினோய்ட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கறகறவென்று பல் அரைபடும் சத்தம் வந்தால், ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரமும் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமும் ஒழுங்காகக் கௌவவில்லை. இந்த வளையம் எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. எஞ்சின் நிற்கும்போது அழுத்தத்தின் காரணமாக ஒரு சில நிலைகளிலேயே நிற்கும். அதனால் அந்த இடங்களில் மட்டும் பல் தேய்ந்து, சத்தம் சில நாள் வரும், சில நாள் வராது. எஞ்சின் பிடித்தபிறகும் ஓரிரு நொடி கூரிய ஊளைச் சத்தம் தொடர்ந்தால், சிறு பற்சக்கரம் பின்வாங்கத் தாமதிக்கிறது. இந்தக் குடும்பத்துச் சத்தங்களைப் பிரித்தறிய மலைநாடு தரும் வசதி சமதரைக்காரருக்கு இல்லை. லொறியைச் சிறிய சரிவில் உருட்டி கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் மோட்டருக்கு வேலையே இல்லை. அப்போது சத்தம் வராவிட்டால் குற்றவாளி வெளிப்பட்டுவிட்டது. இதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. எஞ்சின் ஓடாத லொறியில் வெற்றிட உதவியுள்ள பிரேக்கின் மிதி கல்லாக இறுகும், காற்றுப் பிரேக்கில் தொட்டி வெறுமையாக இருந்தால் கால் பிரேக் வேலை செய்யாது. ஆகவே இந்தச் சோதனை, முடிவில் சமதரையும் அதற்கப்பால் ஆளற்ற வெளியும் உள்ள குறுகிய சரிவில் மட்டுமே செய்யத்தக்கது. ஏ7 வீதியில் ஒருபோதும் கூடாது.

எஞ்சின் பிடித்த கணத்திலிருந்து முதல் பத்துப் பதினைந்து நொடிகள் ஒயிலுக்குரியவை. எஸ்.ஏ.ஈ. 40 தர ஒயிலின் பாகுநிலை 100 பாகையில் 12.5க்கும் 16.3க்கும் இடைப்பட்ட சென்டிஸ்டோக்ஸ் என்பது வரையறை. அதே ஒயில் 40 பாகையில் 100ஐத் தாண்டிவிடும், கொட்டகலையின் விடியற்காலைக் குளிரிலோ அதையும்விடப் பல மடங்கு தடிப்பாகும். பம்ப் அதை உறிஞ்சித் தள்ள வேண்டும். ஒயில் ஃபில்டருக்குள் இருக்கும் பின்னோட்டத் தடை வால்வு நல்லதாக இருந்தால் இரவிலும் ஃபில்டர் நிறைந்தே இருக்கும், அழுத்தம் விரைவில் ஏறும். மலிவான ஃபில்டரில் அந்த வால்வு விறைத்துப்போயிருந்தால் ஒயில் முழுவதும் வடிந்து, காலையில் ஃபில்டர் நிரம்பும்வரை மேற்பாகங்கள் வரண்டு ஓடும். அப்போது மேலிருந்து மெல்லிய டிக்டிக் ஒலி எழுந்து சில நொடிகளில் மறையும். பேரிங் தேய்ந்திருந்தால் அதே நொடிகளில் கீழிருந்து ஆழமான, கனத்த டொக்டொக் எழுந்து, ஒயில் அழுத்தம் ஏறியதும் அடங்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மறைவதால் நேரம் மட்டும் இங்கே போதாது, அடுத்த சாட்சியும் வேண்டும். ஃபில்டர் மாற்றியதும் மேல் சத்தம் போய்விடும். பேரிங்கின் சத்தமோ, எஞ்சின் நன்றாகச் சூடேறி ஒயில் இளகியபிறகு, சுமையோடு ஏற்றம் ஏறும்போது மறுபடி தலைகாட்டும். சூடான நிலையில் ஐட்லில் ஒயில் விளக்கு மினுங்கினால் சந்தேகம் உறுதிப்படுகிறது. இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் லொறியை அன்றே நிறுத்தியாக வேண்டும். கொன்ரொட் பேரிங் பிடித்து எஞ்சின் உடைவது ஏற்றத்தில் என்றால் இழப்பு, வட்டவளைக்குக் கீழே வளைவான இறக்கத்தில் என்றால் உயிராபத்து.

ஃபேன் பெல்ட்டின் கிரீச்சொலியை எல்லோரும் அறிவார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்டார்ட் செய்ததில் பெட்டரி இழந்ததை மீட்க ஓல்டர்னேட்டர் முதல் நிமிடங்களில் கனமாக இழுக்கும். தளர்ந்த, பனி ஈரம் பட்ட பெல்ட் அப்போது வழுக்கும். சத்தம் அடங்கியபிறகு ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கிரீச் திரும்பினால் பெல்ட்டே காரணம்.

டீசல் எஞ்சினுக்கே உரிய எரிப்புத் தட்டல்தான் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது. முதல் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை, கல்லில் சுத்தியலால் அடிப்பதுபோலக் கடுமையாக எழும் ஒலி அது. டீசல் சிலிண்டருக்குள் பீச்சப்பட்ட உடனே தீப்பற்றுவதில்லை, ஒரு சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் சேர்ந்த டீசல் முழுவதும் பிறகு ஒரேயடியாக எரிந்து அழுத்தத்தைத் திடீரென எழுப்புவதால் தட்டல் பிறக்கிறது. எரிதலைத் தாமதக் கட்டம், வேகக் கட்டம், கட்டுக்குள் வந்த கட்டம் என்று பகுத்து விளக்கியவர் ஆங்கிலப் பொறியியலாளர் ஹரி ரிக்கார்டோ. எரிப்பறை குளிர்ந்திருந்தால் தாமதம் நீளும், காற்றழுத்தம் குறைந்தாலும் நீளும். ஆகவே கொழும்பில் மென்மையாகப் பற்றும் அதே எஞ்சின் கொட்டகலையில் சற்றுக் கடுமையாகத் தட்டுவது இயல்பே. புதிதாக மலைக்கு வந்த லொறியின் சத்தத்தைப் பழுதென்று முடிவுகட்டுமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பல ஆண்டு இங்கேயே ஓடிய லொறியில் தட்டல் திடீரெனக் கூடினாலோ, நீண்டாலோ, அதோடு வெண்புகை வந்தாலோ காரணம் தேட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அவற்றில் ஒன்றிரண்டு செத்திருக்கலாம். சோதனை விளக்கு ஒன்றை வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நேரடியாகப் பீச்சும் பெரிய எஞ்சின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. அங்கே நொசில், பம்ப்பின் டைமிங், கொம்ப்ரஷன் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சந்தேகிக்க வேண்டும்.

நொசிலும் பம்ப்பும் பற்றிப் பேசும்போது 2022ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் டீசல் லீற்றருக்கு 460 ரூபாய், மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக உயர்த்தப்படும்வரை இந்த இடைவெளி நீடித்தது. கொட்டகலையிலேயே எரிபொருள் சேமிப்பு நிலையம் இருந்தும், டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதற்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும். ஆனால் அதில் வழுவழுப்புக் குறைவு. டிஸ்ட்ரிபியூட்டர் வகைப் பம்ப், தன்னுள்ளே ஓடும் எரிபொருளாலேயே மசகிடப்படுவது. அதனால் அதன் உட்பாகங்கள் தேயும், கசிவு கூடும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழலும் நேரத்தில் அந்தக் கசிவின் பாதிப்பு மிக அதிகம். வரிசைக் காலத்தில் தாங்கி அடிமட்டம்வரை ஓடியதால் உறிஞ்சப்பட்ட சேறும், பழைய பீப்பாய்களில் சேர்த்துவைத்த டீசலின் நீரும் நொசில்களுக்குச் செய்ததும் கொஞ்சமல்ல. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த லொறி இன்று காலையில் தட்டினால், எஞ்சின் அடிப்பாகத்தைத் திறக்குமுன் நொசில்களைக் கழற்றிச் சோதனை மேசையில் வைப்பதே முறை. செலவில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை.

சரிவின் சாட்சியமும் இங்கேதான் பயன்படுகிறது. லொறியின் மூக்கு மேலேயும் பின்புறம் கீழேயும் இருக்கும்படி நிறுத்தினால் டீசல் தாங்கி எஞ்சினைவிடத் தாழ்ந்துவிடும். குழாய்ப் பொருத்து எங்காவது மயிரிழை அளவு காற்றை உள்ளே விட்டால், இரவில் டீசல் மெல்லத் தாங்கிக்குத் திரும்பி வடிந்துவிடும். காலையில் பம்ப்புக்குக் கிடைப்பது டீசலும் காற்றும் கலந்த நுரை. எஞ்சின் ஒரு சிலிண்டர் விட்டு ஒரு சிலிண்டர் பற்றும், குலுங்கும், தட்டும். ஒரு நிமிடத்தில் காற்று வெளியேறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அன்றிரவு லொறியைத் திருப்பி, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். மறுநாள் சத்தம் வராவிட்டால், பழுது எஞ்சினுக்குள் இல்லை, டீசல் குழாயின் பாதையில்தான் இருக்கிறது. காசு ஒன்றும் செலவில்லாத இந்தச் சோதனையை மலையகத்தில் எவரும் செய்யலாம்.

இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டியும் நீடித்து, எஞ்சின் சூடேறச் சூடேறப் படிப்படியாகத் தேயும் சத்தம் உலோகம் விரிவதோடு தொடர்புள்ளது. அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனில் 80 பாகை வெப்ப உயர்வுக்கு இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஏழெட்டுப் பங்கு குறையும். அந்தச் சிறு அளவே குளிரில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவதற்கும், சூட்டில் மோதாமல் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு. சூடேறியதும் முற்றாக அடங்கும் பிஸ்டன் தட்டலோடு ஒரு லொறி பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடலாம். ஒயில் குடிக்கவில்லை, நீலப்புகை இல்லை, இழுவை குறையவில்லை என்றால் ஓவர்ஹோல் செய்ய அவசரமில்லை. இதே நேரக்கோட்டில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டின் கெஸ்கெட் எரிந்திருந்தால் குளிரில் அந்த இடைவெளி வழியாகப் புகை சீறி டிக்டிக்கென ஒலிக்கும், இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நிற்கும். டெப்பட் சத்தமென்று நம்பி வால்வு இடைவெளியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் இடங்களில் பலமுறை உண்மைக் காரணம் இதுதான். பொருத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று ஒரு டோர்ச்சை அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குளிரோடு சம்பந்தமே இல்லாமல் குளிர்ச் சத்தம்போல நடிப்பது காற்றுக் கொம்ப்ரஸர். காற்றுப் பிரேக் உள்ள டாட்டாவிலும் லேலண்டிலும் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கொம்ப்ரஸர் வெறும் தொட்டியை நிரப்பப் பாடுபடும். அதன் பேரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருந்தால் எஞ்சினின் உள்ளிருந்து வருவதுபோலவே தட்டும். சில நிமிடங்களில் தொட்டி நிறைந்து அதன் சுமை விலகியதும் சத்தம் மாறும் அல்லது நிற்கும். எஞ்சின் சூடேறியதால் நின்றது என்று சாரதி நம்புவார், நம்புவதில் தவறும் இல்லை. லொறி சமதரையில் கல் வைத்து நிற்கும்போது, சூடான எஞ்சினை ஓடவிட்டபடி காற்றுத் தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். நண்பகலிலும் அதே சத்தம் திரும்பினால் எஞ்சினைத் தொட வேண்டியதே இல்லை. கிளச் மிதியை அழுத்தும்போது மாறும் சத்தங்கள் கிளச் பேரிங்குக்கும் கியர்பெட்டிக்கும் உரியவை. அவற்றையும் எஞ்சின் கணக்கில் எழுதக்கூடாது.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருவது. முப்பது வருடம் கையில் கிரீஸோடு வாழ்ந்த பாஸ், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதெலும்பிலும் வைத்தால் பழுதைச் சொல்லிவிடுவார், நொடிக்கணக்கு எதற்கு என்பது. அந்தத் திறமை மெய்யானது, அதை மதிக்கிறேன். ஆனால் அது எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் நெஞ்சொலி கேட்கும் குழாயை உருவாக்கினார். அவர் தந்த பெரிய கொடை குழாய் மட்டுமன்று. உயிரோடிருந்தபோது கேட்ட ஒலியை, அதே நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து கண்டதோடு ஒப்பிட்டு, எந்த ஒலி எந்தச் சிதைவுக்கு உரியது என்று நிறுவியதும் அவரே. நல்ல பாஸும் அப்படித்தான் கற்றிருக்கிறார்: கேட்டார், பிரித்தார், கண்டார், நினைவில் வைத்தார். இரண்டும் இணையும் இடத்தில்தான் அவர் காது சாட்சியாகிறது. குளிர்ச் சத்தத்தில் அந்த இணைப்பு அறுந்துபோகிறது, ஏனென்றால் சூடான எஞ்சினையே அவர் பெரும்பாலும் கேட்கிறார். ஆகவே லொறியை மாலையில் கராஜில் விட்டுவிட்டு, மறுநாள் காலை பாஸ் வந்தபிறகு அவர் முன்னிலையில் முதல் ஸ்டார்ட்டைச் செய்வது அவருடைய திறமைக்குரிய வேலையைக் கொடுப்பதாகும்.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் சார்ந்தது, இதுவே வலுவானது. கொழுந்து காத்திருக்காது. பறித்த இலையைச் சாக்கில் அடைத்து நேரம் கடத்தினால் அது சூடேறிச் சிவந்து தரம் கெடும். மரக்கறியும் அப்படியே. ஒரு இரவும் ஒரு காலையும் லொறியை நிறுத்த முடியாதவரிடம் நேரக்கோட்டைப் பற்றிப் பேசுவதில் பயனென்ன என்று கேட்கலாம். ஆனால் நான் சொன்ன சோதனைகளை மறுபடி பாருங்கள்: லொறியைத் திருப்பி நிறுத்துவது, ஹெட்லைட் போடுவது, காற்றைத் திறந்துவிடுவது, டோர்ச் அடித்துப் பார்ப்பது. எதுவும் ஒரு நடையைக்கூடத் தடுக்காது. லொறி நாட்கணக்கில் நிற்பது ஊகத்தின் பேரில் எஞ்சின் இறக்கப்படும்போதுதான். கைப்பேசியும் இன்று எல்லோரிடமும் இருக்கிறது. சாவியைத் திருப்புமுன் ஒலிப்பதிவைத் தொடங்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒயில் விளக்கு அணைந்த நொடியையும் காற்று மானி ஏறிய நேரத்தையும் வாயால் சொல்லிப் பதிந்தால், பத்து மணிக்குப் பாஸின் கையில் வர்ணனைக்குப் பதில் ஆதாரம் இருக்கும். பதிவை மெதுவாக ஓட்டித் தாளத்தையும் எண்ணலாம். நிமிடத்துக்கு 600 சுற்று ஐட்லில் கிரேங்க் நொடிக்குப் பத்து முறை சுழலும், கேம் ஐந்து முறைதான். நொடிக்கு ஐந்து அடி என்றால் வால்வு, நொசில், எரிப்பு ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். பத்து அடி என்றால் கிரேங்கோடு ஒன்றாக அசைவனவற்றைப் பார்க்க வேண்டும்.

சத்தம் வந்ததும் தடித்த ஒயிலை ஊற்றினால் போதும் என்பது மலையகத்தில் பரவலான பழக்கம். சூடான எஞ்சினில் அது சத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மை, அதனால்தான் அது ஆபத்தானது. தடித்த ஒயில் குளிரில் இன்னும் மெதுவாக ஏறும், முதல் நொடிகளின் வரட்சி நீளும், தேய்மானம் கூடும். காலைச் சத்தத்துக்கு மருந்தென்று ஊற்றப்படுவது காலைச் சத்தத்தின் காரணத்தையே வளர்க்கிறது. ஒயிலைப் பற்றி உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: டிப் ஸ்டிக்கில் மட்டம் கூடியிருக்கிறதா, டீசல் மணக்கிறதா? ஒழுகும் நொசிலோ கிழிந்த டீசல் பம்ப்பின் சவ்வோ ஒயிலில் டீசலைக் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருந்தால், எவ்வளவு தடித்த ஒயிலை ஊற்றினாலும் அதுவும் சில வாரங்களில் நீர்த்துவிடும்.

நேரக்கோடு தனியே தீர்ப்புச் சொல்லாது என்ற மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். பழைய லொறி ஒரு பழுதோடு நிற்பதில்லை. பெல்ட்டும் தளர்ந்து, நொசிலும் ஒழுகி, பிஸ்டனும் தேய்ந்திருக்கலாம். சத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது எது எப்போது நின்றது என்று சொல்வது கடினம். அப்போது மலிவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போக வேண்டும், ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் புதிய காலைப் பதிவு எடுக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் நொசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அந்தச் சிலிண்டரை நிறுத்திப் பார்ப்பது பழைய எஞ்சின்களில் மிகவும் உதவும். எரிப்புத் தட்டல் என்றால் முற்றாக நிற்கும், கொன்ரொட் பேரிங் என்றால் குறையும், டெப்பட் என்றால் மாறாது. பேரிங்கும் பிஸ்டனும் இந்தச் சோதனையில் ஒன்றுபோல நடந்துகொள்ளும். அவற்றைப் பிரிப்பது மறுபடியும் நேரம்தான்: முன்னது சூட்டில் கூடும், பின்னது சூட்டில் குறையும்.

இந்தக் கடைசிச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு, இறக்குமதி மறுபடி திறந்திருக்கும் இந்நேரத்தில் கொட்டகலைக் கராஜ்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது அவசரம். பழைய பம்ப் எஞ்சினில் நொசில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 பார் அளவிலேயே இருந்தது. தளர்த்திய நட்டிலிருந்து வடியும் டீசல் கையை நனைக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் பெரிய கேடில்லை. புதிய கொமன்ரெயில் எஞ்சின்களில் குழாயின் அழுத்தம் 1,600 பாரையும் எட்டுகிறது. அங்கே நட்டைத் தளர்த்தினால் ஊசிபோலப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும், விரலையே இழக்க நேரும். அந்த லொறிகளில் சிலிண்டரை நிறுத்திப் பார்க்கும் வேலையை ஸ்கேனர்தான் செய்ய வேண்டும். ஸ்கேனர் எத்தனை பாகை வெப்பத்தில் எந்தச் சிலிண்டர் தடுமாறியது என்று காட்டும். ஆனால் அதையும் குளிர்ந்த எஞ்சினில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே மாட்டியிருக்க வேண்டும்.